மலைநாட்டுத் தோட்டங்களும் ஈரல் நோயாராய்ச்சியும்

மனித உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது ஈரல். கல்லீரல் என்றும் வழங்கப்பெறும் இவ்வுறுப்பு, வளர்ந்தோர் உடலில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. உண்ட உணவின் சாரத்திற் பெரும்பகுதி குடலிலிருந்து குருதி வழியே முதலிற் சென்றடைவது இதனையே. பித்தத்தைச் சுரத்தல், நஞ்சை முறித்தல், வெல்லத்தைச் சேமித்து வேண்டும்போது உடலுக்கு வழங்குதல், குருதிக்கு வேண்டிய புரதங்களை ஆக்குதல் ஆகிய பல தொழில்களை இஃது ஒருங்கே இயற்றுகின்றது. நோயுற்றபோதும் நெடுங்காலம் வாய்திறவாது தன் கடமையைச் செய்வது இதன் இயல்பு. பெரும்பகுதி கெட்ட பின்னரே வயிறு நீர்கோத்து வீங்குதலும், கால் வீங்குதலும், குருதி வாந்தியும் தோன்றுகின்றன.

தமிழ் மக்கள் ஈரல் நோயைப் பெரிதும் காமாலை வாயிலாகவே அறிந்திருந்தனர். கண் மஞ்சளானால் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. ஆனால், கண்ணை மஞ்சளாக்காமலும் நோவைத் தாராமலும் ஈரலைப் பற்றும் நோய் ஒன்றுளது. மிகையான கொழுப்பு ஈரலின் கலங்களிற் படிந்து, சிலரிடத்து அழற்சியாகி, காலப்போக்கில் ஈரலைத் தழும்பேறி இறுகச் செய்யும் நோய் அது. மதுவருந்துவோருக்கு இது நேர்வதை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். மது அருந்தாதோருக்கும் அளவோடு அருந்துவோருக்கும் இது நேரும் என்பதும், அவ்வாறு நேர்வது செல்வர்க்கும் பருத்த உடலினர்க்கும் மட்டுமே உரியதன்று என்பதும் பிற்காலத்தே தெளிவாயின. நாள் முழுதும் மலையேறி இறங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடத்தும் இந்நோய் உண்டு என்பதை நிறுவியவர்கள் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எச். ஜானக டி சில்வாவும் அவருடன் உழைத்த ஆய்வாளரும் ஆவர். அவ்வாராய்ச்சியின் பொருளை உணர்தற்கு, அதற்கு முன்னர் மலைநாடு மருத்துவ வரலாற்றிற் பெற்றிருந்த இடத்தை அறிதல் வேண்டும்.

உடல் தேறும் மலையும் உடல் தேயும் மலையும்

மலைநாட்டின் மருத்துவ வரலாறு ஒரு முரண்பாட்டுடன் தொடங்குகின்றது. நுவரெலியா ஆங்கிலேயர் கவனத்தை முதலில் ஈர்த்தது தேயிலையால் அன்று; அதன் குளிர்காற்றால். தேசாதிபதி சேர் எட்வேட் பார்ண்ஸ் 1829ஆம் ஆண்டில் அங்கே நோயுற்ற போர்வீரர் உடல் தேறுவதற்கான நிலையம் ஒன்றை நிறுவினார். 1847இல் காய்ச்சலால் மெலிந்திருந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அங்குச் சென்று இரண்டு கிழமைகளில் நலம் பெற்றார். பின்னர் அவ்விடத்தே குடியேறிப் பண்ணையும் அமைத்தார். வெப்பநாட்டு வெயில் வெள்ளையரின் ஈரலைக் கெடுக்கும் என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவர் பலர்தம் கொள்கை. ஆகவே அவர்களுக்கு அம்மலை உடலையும் ஈரலையும் ஒருங்கே காக்கும் இடமாயிற்று.

அதே மலை தென்னிந்தியத் தமிழர்க்கு உழைப்புக் களமாயிற்று. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்திலேயே அவர்கள் பருவந்தோறும் வந்து சென்றனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தபோது, ஆண்டு முழுதும் கொழுந்து கொய்யும் தேவை எழுந்தமையால், பருவத்துக்கு வந்தோர் குடும்பத்தோடு நிலைத்து வாழ்வோராயினர். லயன் என்னும் வரிசைக் காம்பராக்களிலே தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன.

மலைக்குச் செல்லும் வழியே நோய்க்களமாக இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காடுகளைக் கடந்து, மாத்தளை நோக்கி நடந்தோருள் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் இரையானோர் பலர். பின்னர்த் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல்வழி வந்தோர், கொள்ளைநோய் அச்சத்தால் இராகமை முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். நோயைக் கொண்டு வருவோர் என்ற ஐயத்துடன் தொழிலாளர் நிறுத்தப்பட்ட அந்த இராகமையிலிருந்தே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், அவர்தம் மரபினரின் உடல்நலத்தை ஆராய மருத்துவர்கள் மலையேறினர் என்பது வரலாற்றின் ஓர் ஒற்றுமையாகும்.

தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ உதவி வழங்குதற்கென 1872ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அவ்வேற்பாடுகள் மேலும் விரிவாக்கப்பட்டன. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். வெறுங்காலுடன் மண்ணில் நிற்போரின் தோலைத் துளைத்து உடலிற் புகும் இப்புழு, குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சி, சோகையை விளைப்பது. தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் இதனாற் பீடிக்கப்பட்டிருந்தனர். புழு நீக்கும் மருந்து கொடுத்தலும், மலசலகூடம் அமைக்குமாறு தோட்ட நிருவாகங்களை வற்புறுத்துதலும் அவ்வியக்கத்தின் இரு கைகளாயின.

இவ்விடத்தில் ஓர் உண்மை நோக்கற்பாலது. ஆராய்ச்சியாளர்க்குத் தோட்டம் வசதியான களமாகத் தோன்றியதற்குக் காரணம், அங்கு வாழ்வோர் அனைவரும் பெயர்ப் பதிவுக்குள் அடங்கியவர் என்பதே. காலையிற் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுப்போரை எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் எளிது. அக்காலத்து இயக்கங்களின் பயன் தொழிலாளர்க்குக் கிட்டாமற் போகவில்லை. எனினும், அவற்றுக்குப் பணம் தந்தோர் கணக்கிற் சோகை என்பது முதலில் உழைப்புக் குறைவாகவே பதிந்தது. தொழிலாளியின் வாழ்நாள் அடுத்த நிலையிலேயே நின்றது.

பசியின் ஈரல்

ஈரலிற் கொழுப்புப் படிதல் என்றதும் மிகையுணவையே இன்று பலர் நினைக்கின்றனர். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏழை நாடுகளின் மருத்துவர் அறிந்த கொழுப்பீரல், பசியின் விளைவே. ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட நாட்டிற் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், தாய்ப்பால் மறந்த பின் மாவுணவு மட்டும் உண்டு உடல் வீங்கி இறக்கும் குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். அக்குழந்தைகளின் ஈரல் கொழுப்பால் நிறைந்திருந்தது. அந்நாட்டு மக்கள் வழங்கிய குவாஷியோர்க்கர் என்னும் பெயரை 1935இல் அவர் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரித்தானிய கயானாவிலும் ஜோன் வாட்டர்லோ என்பவர் இதே நோயை ஆராய்ந்து, குழந்தைகளின் கொழுப்பீரலைப் பற்றிய நூலொன்றை 1948இல் வெளியிட்டார். அப்பகுதிகள் கரும்புத் தோட்டங்களால் உருவான சமூகங்கள். கயானாவிலோ ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்களும் பலர். அவர்களுட் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழரும் இருந்தனர். தென்னிந்தியாவில், தேயிலை விளையும் நீலகிரி மலையின் குன்னூரில் அமைந்திருந்த உணவாராய்ச்சி நிலையத்திலே, சேலத்திற் பிறந்த சி. கோபாலன் புரதக் குறைவு நோய்களை ஆராய்ந்து புகழ்பெற்றார். 1918இல் தோன்றி 2019 வரை நூறாண்டு வாழ்ந்த அவ்வறிஞரின் பணி, ஏழையின் உணவை மருத்துவத்தின் நடுப்பொருளாக்கியது.

ஆக, தோட்டங்களை அண்டி வாழ்ந்த ஏழைக் குழந்தையின் ஈரலிற் கொழுப்புக் காணப்படுவது மருத்துவத்துக்குப் புதிதன்று. புதிதாக வந்தது, வளர்ந்தோரின் ஈரலில், வேறொரு வழியாக, அதே கொழுப்புத் தோன்றியமையே.

பெயர் பெற்ற நோய்

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லுட்விக்கும் அவருடன் பணிபுரிந்தோரும் 20 நோயாளரின் ஈரற் கூறுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நோயாளரின் ஈரல், மிகுதியாக மதுவருந்துவோரின் ஈரலைப் போன்றே கொழுப்பும் அழற்சியும் கொண்டிருந்தது. ஆயினும் அவர்கள் அவ்வாறு மதுவருந்தியவர் அல்லர். அவருட் பலர் பருத்த உடலினர், நீரிழிவுடையோரும் இருந்தனர். மதுசாரம் சாராத ஈரற்கொழுப்பு நோய் என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது. 2023ஆம் ஆண்டில் உலகின் ஈரல் மருத்துவச் சங்கங்கள் இப்பெயரை மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய கொழுப்பீரல் நோய் என வழங்கத் தீர்மானித்தன. ஒரு நோயை அஃது எதுவன்று என்பதாற் பெயரிடாது, எதனால் வருவது என்பதாற் பெயரிட்டமை அறிவின் வளர்ச்சியைக் காட்டுகின்றது.

நோயின் இயக்கத்தைச் சுருங்கக் கூறலாம். கணையம் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள வெல்லத்தைத் தசைக்குள்ளும் பிற உறுப்புகளுக்குள்ளும் செலுத்துவது. அதன் கட்டளைக்குத் தசையும் கொழுப்புத் திசுவும் செவிசாயாதபோது, கொழுப்புக் கரைந்து ஈரலை வந்தடைகின்றது. மிகையான மாப்பொருளையும் வெல்லத்தையும் ஈரல் தானே கொழுப்பாக்குகின்றது. நீரிழிவும், உயர் குருதியமுக்கமும், வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பும் ஒரே வீட்டிற் பிறந்த உடன்பிறப்புகள். ஈரற்கொழுப்பு அவ்வீட்டின் இன்னொரு பிள்ளை.

மேனாட்டில் இது வளமையின் நோயாகக் கருதப்பட்டது. உடலுழைப்பற்று, மிகுதியாக உண்டு, பருத்தோர்க்கே வருவதென மக்களும் எண்ணினர். இக்கருத்தின்படி நோக்கின், தேயிலைத் தோட்டமே இந்நோய் அணுகாத இடமாக இருத்தல் வேண்டும்.

இராகமையில் ஓர் ஆய்வு வாழ்க்கை

பேராசிரியர் ஜானக டி சில்வாவின் ஆராய்ச்சி வாழ்க்கை ஈரலிற் தொடங்கவில்லை. 1990ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அவர் ஒக்ஸ்போட்டில், குடலழற்சி நோய்களிற் பேரறிஞரான டெரெக் ஜுவெல்லுடன் சேர்ந்து, பெருங்குடல் நீக்கப்பட்ட நோயாளரின் குடலில் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்தார். அது நுண்ணோக்கியின் கீழ்க் கலங்களை எண்ணும் ஆராய்ச்சி. தாயகத்திலே அவர் பணியாற்றிய இடம் களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடம். 1991இல் தோன்றிய அப்பீடத்தில் அவர் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வினாக்கள், கலத்திலிருந்து மக்களை நோக்கி விரிந்தன.

அவ்வினாக்களின் பரப்பு வியத்தற்குரியது. உலகெங்கும் பாம்புக்கடியால் நேரும் இழப்பை மதிப்பிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வின் ஆசிரியருள் அவரும் ஒருவர். ஏழைகளையே பெரும்பாலும் தாக்கும் பாம்புக்கடியை உலகம் கணக்கிலெடுக்கச் செய்த முயற்சிகளுள் அஃது ஒன்று. கொளுக்கிப்புழுவையும் கருவுற்ற தாய்மாரையும் பற்றிய மற்றோர் ஆய்விலும் அவர் பங்குகொண்டார்; அதன் சிறப்புப் பின்னர்க் கூறப்படும்.

மருத்துவமனை விடுதியில் ஈரல் இறுகிய நிலையில் வந்து சேர்ந்த நோயாளரே அவரை ஈரலின்பால் ஈர்க்கத்தக்க புதிராயினர். அவர்களுட் பலர் மதுவருந்துவோர். அவர்தம் நோய்க்குக் காரணம் வெளிப்படை. வேறு பலரோ மது மிகுதியாக அருந்தாதோர். ஈரலழற்சி பீ, சீ ஆகிய வைரசுகளின் அடையாளமும் அவர் குருதியில் இல்லை. உலகின் பல நாடுகளோடு ஒப்பிடுகையில் இலங்கையில் அவ்வைரசுகளின் பரவல் குறைவு. காரணம் தெரியாத ஈரலிறுகல் என அந்நோயாளரின் ஏட்டில் எழுதப்பட்டது. இலங்கையில் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்காகப் பதிவு செய்யப்பட்டோரிடத்து இக்காரணம் தெரியாத வகையே முதலிடம் வகித்ததென, அவரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை காட்டிற்று.

காரணம் தெரியாது என்பது மருத்துவத்திற் கதவடைப்பு அன்று, தேடலின் வாயில். ஈரல் முற்றாக இறுகும்போது அதிலிருந்த கொழுப்பு மறைந்துவிடுதல் கூடும் என்பதை வேறு நாட்டு ஆய்வுகள் முன்னரே காட்டியிருந்தன. வீடு எரிந்தடங்கிய பின் எண்ணெயைத் தேடினால் அகப்படாதன்றோ? ஆகவே, தீப்பற்றுமுன் எத்தனை வீடுகளில் எண்ணெய் உளது என்பதை அறிய, மருத்துவமனையை விட்டு ஊருக்குள் செல்ல வேண்டியதாயிற்று.

2007ஆம் ஆண்டில் இராகமைச் சுகாதார ஆய்வு தொடங்கியது. தொற்றுநோயியல் அறிஞர் ஏ. ஆர். விக்கிரமசிங்கவும், யப்பானிய ஆய்வாளர் நோரிஹிரோ கட்டோவும் இதில் இணைந்தனர். இராகமை சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் 35 முதல் 64 வயது வரையுள்ளோர், நோயாளர் என்பதற்காக அன்றி, வாக்காளரைப் போற் பொதுமக்கள் என்ற முறையில் தெரிவு செய்யப்பட்டனர். செவிக்கெட்டா ஒலியலைகளால் ஈரலைப் படமாகக் காட்டும் கருவியைக் கொண்டு அவர்கள் பரிசோதிக்கப்பட்டனர். ஊசி குத்தி ஈரற்சதை எடுக்காமலே கொழுப்பை அறிதற்கு இம்முறை உதவியது. அனுராத தசநாயக்கவை முதலாசிரியராகக் கொண்டு 2009இல் வெளிவந்த கட்டுரையின்படி, 2,985 பேரில் 974 பேரிடத்து, அஃதாவது நூற்றுக்கு 32.6 பேரிடத்து, மதுசாரம் சாராத ஈரற்கொழுப்பு இருந்தது. நகர்ப்புறத்தில் மூவருள் ஒருவர்க்கு இந்நோய் உண்டு என்பது பலரையும் திடுக்கிடச் செய்தது.

ஆய்வு அத்தோடு முடியவில்லை. 2014இல், ஏழு ஆண்டுகளின் பின், அதே மக்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். ஒரே மனிதரை ஆண்டுகள் பல தொடர்ந்து நோக்குதல் பொறுமை வேண்டும் பணி; மதுனில் நிரியெல்ல முதலிய இளைய ஆய்வாளர் அப்பணியைத் தொடர்ந்தனர். ஆசிரியரின் வினாவை மாணாக்கர் மேற்கொண்டு செல்வதே ஒரு பல்கலைக்கழகத்தின் உண்மைச் செல்வம்.

மலையேறிய வினா

இராகமை நகர்சார்ந்த ஊர். அங்கே பலர் அமர்ந்து செய்யும் தொழிலினர்; கடையும் வாகனமும் அணித்தே உள்ளன. ஆகவே ஓர் ஐயம் எழுவது இயல்பு: இந்நோய் நகர வாழ்க்கையின் விளைவு மட்டுந்தானோ? கடின உழைப்பும் சிறு வருவாயும் உடையோரிடத்து இஃது இராதோ? இவ்வையத்துக்கு விடைகாண ஆய்வாளர் தேர்ந்த களம் நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்கள்.

பினிதியபத்திரகேயை முதலாசிரியராகவும் டி சில்வாவை இறுதியாசிரியராகவும் கொண்டு அவ்வாய்வு 2011இல் வெளியாயிற்று. அழைக்கப்பட்டோருள் நூற்றுக்கு 65 வீதமாக 403 பேர் கலந்துகொண்டனர். வயதெல்லை இராகமையைப் போன்றே 35 முதல் 64. அவர்களில் 53.6 வீதத்தினர் பெண்கள். பாதிக்கு மேற்பட்டோர் தமிழர்; பாதிக்கு மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடினமான உடலுழைப்பினர். உயரம், நிறை, இடைச்சுற்றளவு, குருதியமுக்கம், குருதி வெல்லம் ஆகியன அளக்கப்பட்டன; ஈரல் ஒலியலைக் கருவியால் நோக்கப்பட்டது. மது மிகுதியாக அருந்துவோரிடத்துக் காணும் கொழுப்பு இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை.

முடிபு: 403 பேரில் 73 பேரிடத்து, அஃதாவது நூற்றுக்கு 18 பேரிடத்து, ஈரற்கொழுப்பு நோய் இருந்தது. ஏறத்தாழ ஐவருள் ஒருவர். ஆணாயிருத்தல், உயரத்துக்கு மிஞ்சிய நிறை, இடைச்சுற்றளவின் மிகுதி, குருதியமுக்கத்தின் கீழளவு உயர்தல், குருதி வெல்லம் மிகுதல் என்பன நோயோடு சேர்ந்து காணப்பட்டன.

இவ்வெண்ணை இரு பக்கமும் நோக்குதல் வேண்டும். இராகமையின் 32.6 வீதத்தோடு ஒப்பிட்டால் இது குறைவே. உழைப்பு ஓரளவு காக்கின்றது என எண்ண இடமுண்டு. ஆனால், இரண்டும் வெவ்வேறு மக்கள்; வேற்றுமைக்கு உழைப்பொன்றே காரணமெனத் துணிதல் ஆகாது. மறுபுறம், மலைச்சரிவிற் கூடை சுமந்து உழைக்கும் சமூகத்திலும் ஐவருள் ஒருவரை இந்நோய் பற்றியிருக்கின்றது என்பது, உழைப்பு முழுக்கவசம் அன்று என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. முந்திய ஆண்டில், 2010இல், மேற்கு வங்காளத்து வீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரிடத்து நடைபெற்ற ஆய்வொன்றும் இதற்குத் துணையாயிற்று. அங்கே நோயின் அளவு 8.7 வீதமே, ஆயினும் நோயுற்றோருள் முக்காற் பங்கினர் பருத்த உடலினர் அல்லர். வளமையின் நோய் என்ற பழைய பெயர் தெற்காசியாவிற்குப் பொருந்தவில்லை.

குறையும் மிகையும் கலந்த உடல்

ஏன் இவ்வாறு? தோட்டத்து ஆய்வு காரணத்தை நிறுவப் புகவில்லை. ஒரு குறித்த காலத்தில் நோய் எவ்வளவு உளது என்பதையே அளந்தது. எனினும், வரலாறு சில வழிகளைச் சுட்டுகின்றது.

முதலாவது உணவு. கோதுமை மா ரொட்டியும், சோறும், சீனியிட்ட வெறுந்தேநீருமே தோட்டத்து வீடுகளின் நாளாந்த உணவிற் பெரும்பங்கு. பருப்பும் மீனும் முட்டையும் கூலியின் அளவைப் பொறுத்தே சட்டிக்கு வந்தன. வயிற்றை நிரப்புவது மாப்பொருள். உடலை ஆக்குவதற்கு வேண்டிய புரதம் குறைவு.

இரண்டாவது பிறப்பு. நிறை குறைந்து பிறக்கும் குழந்தை பின்னர் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் ஆளாதல் மிகுதி என்னும் கொள்கையை இங்கிலாந்திலே டேவிட் பார்க்கர் வளர்த்தார். புனேயின் யாஜ்னிக், மெலிந்து பிறக்கும் இந்தியக் குழந்தையின் உடலிற் தசை குறைந்தும் கொழுப்புக் குறையாமலும் இருப்பதைக் காட்டினார். கருவிலே பசியை எதிர்பார்த்து அமைந்த உடல், பின்னர் மாப்பொருளைச் சந்திக்கும்போது அதனைக் கொழுப்பாகச் சேமிக்க முந்துகின்றது என்பது இக்கொள்கையின் சாரம்.

இலங்கைத் தோட்டங்களின் வரலாற்றை இதனுடன் பொருத்திப் பார்த்தல் தகும். 2011இல் வெளியான ஆய்வில் 35 முதல் 64 வயதினராக இருந்தோர், பெரும்பாலும் 1940களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை பிறந்தோர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் அவருட் பலர். 1973-74ஆம் ஆண்டுகளில், உலகில் உணவு விலை ஏறி, பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டபோது, தோட்டங்களிலே பட்டினி பரவிற்று. மரண வீதம் உயர்ந்தது. சொந்த வயலோ தோட்டமோ இன்றிக் கூலியையும் பங்கீட்டையுமே நம்பியிருந்தோர்க்கு வேறு புகலிடம் இல்லை. அவ்வாண்டுகளில் கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் இருந்தோரும் இவ்வயதினருள் அடங்குவர். அப்பசிக்கும் பின்னாளைய ஈரலுக்கும் இடையிலான தொடர்பு இம்மலையில் அளக்கப்பட்டதன்று. எனினும், ஒல்லாந்து நாட்டில் 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தாய் வயிற்றிலிருந்தோர் பிற்காலத்திற் குருதி வெல்லக் கோளாற்றுக்கு ஆளாயினர் என்னும் ஆய்வு, அவ்வினாவைப் புறக்கணிக்க முடியாததாக்குகின்றது.

இங்கேதான் கொளுக்கிப்புழு மீண்டும் வரலாற்றுட் புகுகின்றது. கருவுற்ற தாயின் குருதியைப் புழு உறிஞ்சினால், சோகை தாய்க்கு, மெலிவு சேய்க்கு. ஆயினும், கருவுற்றோர்க்குப் புழுமருந்து கொடுப்பின் கருவுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சம் மருத்துவரிடையே இருந்தது. ஒட்டுண்ணியியல் அறிஞர் நிலந்தி டி சில்வா முதலாசிரியராகவும், ஜானக டி சில்வா இறுதியாசிரியராகவும் 1999இல் வெளியிட்ட இலங்கை ஆய்வு, மெபென்டசோல் என்னும் மருந்தை உட்கொண்ட 5,275 தாய்மாரையும் உட்கொள்ளாத 1,737 தாய்மாரையும் ஒப்பிட்டது. பெரும் பிறவிக்குறைகள் முறையே 1.8 வீதமும் 1.5 வீதமும் ஆதலின், குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. செத்துப் பிறத்தலும் பிறந்தவுடன் இறத்தலும் மருந்துண்டோரிடத்து 1.9 வீதம்; உண்ணாதோரிடத்து 3.3 வீதம். 1,500 கிராமுக்கு மேற்படாத மிக மெலிந்த குழந்தைகள் 1.1 வீதமும் 2.3 வீதமும் ஆகும். கருவின் முதல் மூன்று மாதங்களில் அம்மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை ஆய்வாளர் மறவாது கூறினர்.

1916இற் புழுவை ஒழிக்கப் புறப்பட்டோர் கண்டது சோர்ந்த தொழிலாளியை. 1999இன் ஆய்வு கண்டது தாயையும் பிறவாத குழந்தையையும். 2011இன் ஆய்வு அக்குழந்தை வளர்ந்து நடுவயதடையும்போது தாங்கும் நோயைக் கண்டது. இம்மூன்றையும் ஒருசேர நோக்கின், தோட்டத்து மக்களின் உடல் ஒரே வரலாற்றின் மூன்று ஏடுகளாகத் தோன்றும். குறையுணவும் மிகைக் கொழுப்பும் எதிரெதிர் நோய்கள் அல்ல. ஒரே வறுமையின் முதற்பாதியும் பிற்பாதியும் ஆகக்கூடும். 2016ஆம் ஆண்டு நடந்த தேசிய ஆய்விலே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுதும் நூற்றுக்கு 17 ஆக, தோட்டத்துறையில் 32 ஆக இருந்தனர். அக்குழந்தைகள் நடுவயதடையும்போது அவர்தம் ஈரல் எவ்வாறிருக்கும் என்பது இன்றே எண்ணற்பாலது.

ஆய்வின் எல்லையும் கடமையும்

எந்த ஆய்வுக்கும் எல்லையுண்டு. இரண்டு தோட்டங்கள் மலைநாடு முழுவதையும் உரைத்துவிடா. அழைக்கப்பட்டோருள் மூவரில் ஒருவர் வரவில்லை. வராதோர் நலம் எவ்வாறென்பது கணக்கில் இல்லை. ஒலியலைக் கருவி சிறிதளவு கொழுப்பைத் தவறவிடுதல் கூடும். ஆகவே உண்மை எண் கூடுதலாகவும் இருக்கலாம். தோட்டங்களிற் பலகாலமாக வேரூன்றிய மதுப்பழக்கத்தால் வரும் ஈரல் நோய் இக்கணக்குக்குப் புறம்பானது. அதுவும் இதுவும் ஒரே குடும்பத்திற் சேர்ந்து நிற்பின், இழப்பு இரட்டிக்கும்.

மருந்தின் நிலையும் கருதற்பாலது. இந்நோய் முற்றியோர்க்கென ரெஸ்மெட்டிரோம் என்னும் மருந்தை அமெரிக்கா 2024இல் முதன்முதலாக அனுமதித்தது. விலையுயர்ந்த அத்தகைய மருந்தைக் காட்டிலும், நீரிழிவையும் குருதியமுக்கத்தையும் காலத்தே கண்டறிதலும், இடைச்சுற்றளவைக் குறைத்தலும், சீனியையும் மாவையும் குறைத்துப் பருப்பும் கீரையும் சேர்த்தலும், மதுவை விலக்குதலுமே மலைநாட்டுக்கு உரிய மருந்து. இதற்குப் பெருங்கருவிகள் வேண்டா. ஓர் அளவுநாடாவும், குருதியமுக்கமானியும், குருதி வெல்லத்தை அளக்கும் சிறு கருவியும் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தாற் போதும். ஆனால், ஒரு நாட் பேரை இழந்துதான் பரிசோதனைக்குப் போக வேண்டுமெனின், நோவில்லாத நோய்க்காக எவரும் போகார். வேலைநேரமும் கூலியும் போக்குவரத்தும் இங்கே மருத்துவத்தின் பகுதிகளாகின்றன. கருவுற்ற தாயின் உணவோ, ஐம்பது ஆண்டுகளின் பின் வரும் நோய்க்கு இன்றே கொடுக்கும் மருந்தாகும்.

டி சில்வாவின் ஆய்வு வாழ்க்கை மாணாக்கர்க்கு உணர்த்தும் பாடம் எளியது. காரணம் தெரியாது என்று எழுதப்பட்ட ஏட்டை மூடிவிடாமல், அதனைக் கையிலேந்தி ஊருக்குள்ளும் மலைக்குள்ளும் சென்றமையே அதன் சிறப்பு. நுண்ணோக்கியிற் பயின்ற கண், மக்களைப் பார்க்கவும் கற்றது. ஒரு காலத்தில் வெள்ளையர் ஈரலைக் காக்கவெனத் தேர்ந்த மலையிலே, அம்மலையைச் செழிக்கச் செய்தோரின் ஈரலை எவரும் நெடுங்காலம் நோக்கவில்லை. நோக்கியபோது அங்கே கண்டது வெறும் கொழுப்பன்று. பசியும், உழைப்பும், குறைந்த கூலியும் உடலில் எழுதிவைத்த வரலாறு. அவ்வரலாற்றை வாசித்தல் மருத்துவர் பணி. அதனை மாற்றி எழுதுதல் சமூகத்தின் பணி. மலைநாட்டிற் பிறந்த மாணாக்கர் பலர் மருத்துவரும் ஆய்வாளருமாகி அவ்விரு பணிகளையும் தம் கையில் ஏற்கும் நாளில், இவ்வாராய்ச்சி தன் முழுப்பயனை எய்தும்.